உதவி நின்ற பின்னும் பள்ளி தொடருமா? குறையும் வெளிநாட்டு நிதியும் ஏழை நாடுகளின் குழந்தைகளும்

புதுதில்லி: வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் உள்ள ரோஹிங்கியா அகதி முகாம்களில், குழந்தைகளுக்கான கற்றல் மையங்கள் 2025 ஜூன் மாதத்தில் பெரும் நெருக்கடியைச் சந்தித்தன. மழலையர் வகுப்புகளிலும் தொடக்க வகுப்புகளிலும் பாடம் நடத்தி வந்த உள்ளூர் ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தங்களை ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் முடித்துக்கொண்டது. ஆசிரியர்கள் மீது புகார் எதுவும் இல்லை. மாணவர் எண்ணிக்கையும் குறையவில்லை. நிதி தீர்ந்துபோனது என்பதே காரணம்.

உலகின் வறிய நாடுகளில் குழந்தைகளின் கல்விக்குப் பல பத்தாண்டுகளாகத் துணை நின்ற வெளிநாட்டு நிதி, இப்போது வேகமாக வற்றி வருகிறது. 2023-ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் கல்விக்கான அரசு வளர்ச்சி உதவி 320 கோடி டாலர், அதாவது 24 சதவீதம் குறையக்கூடும் என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் மதிப்பிட்டது. இதனால் 2026-ஆம் ஆண்டு இறுதிக்குள் மேலும் 60 லட்சம் குழந்தைகள் பள்ளிக்கு வெளியே தள்ளப்படும் அபாயம் உள்ளதாக அந்த அமைப்பு எச்சரித்தது. பள்ளி செல்லாத குழந்தைகள் மற்றும் இளையோரின் எண்ணிக்கை ஏற்கெனவே 27.2 கோடி என்கிறது யுனெஸ்கோ.

இந்த எண்கள் கவலையளிப்பவை. ஆனால், அவற்றுக்குப் பின்னால் எளிதில் விடை காண முடியாத ஒரு கேள்வி இருக்கிறது. பிறர் தரும் நிதியில் தொடங்கப்பட்ட கல்விப் பணிகளில் சில, அந்த நிதி நின்ற பின்னும் தொடர்ந்தன. சில, ஒரே மாதத்தில் நின்றுபோயின. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

நிதி எப்படிக் குறைந்தது?

அமெரிக்க அதிபராக டொனால்ட் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் பதவியேற்றார். வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாள்களுக்கு நிறுத்திவைக்கும் உத்தரவில் அன்றே அவர் கையெழுத்திட்டார். சர்வதேச வளர்ச்சிக்கான அமெரிக்க முகமையின் (யுஎஸ்எய்டு) திட்டங்களில் 83 சதவீதம் ரத்து செய்யப்படுவதாக வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ மார்ச் மாதத்தில் அறிவித்தார். ஜூலை 1 முதல் அந்த முகமையின் எஞ்சிய பணிகள் வெளியுறவுத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டன. வெளிநாடுகளில் செலவிடப்படும் பணம் அமெரிக்க நலனுக்கு உதவ வேண்டும் என்பதே அந்நாட்டு அரசு முன்வைத்த வாதம்.

அமெரிக்கா மட்டும் இவ்வாறு செய்யவில்லை. மொத்த தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அறிவித்தது. பாதுகாப்புச் செலவை உயர்த்துவதற்காக இந்த முடிவு எடுக்கப்பட்டதாகப் பிரதமர் கியர் ஸ்டார்மர் கூறினார். ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளும் தங்கள் ஒதுக்கீட்டைக் குறைத்துள்ளன. கல்வி உதவியில் ஏற்படும் வீழ்ச்சியில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு மூன்றே அரசுகளின் முடிவுகள் காரணம் என்கிறது யுனிசெஃப் ஆய்வு.

அரசுகள் தரும் உதவியும் தனிமனிதர்கள் தரும் நன்கொடையும் வெவ்வேறானவை. எனினும், களத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே தொண்டு நிறுவனங்களின் வழியாகவே குழந்தைகளைச் சென்றடைகின்றன. எனவே, அரசு நிதி நிற்கும்போது, பொதுமக்கள் நன்கொடை தந்துவரும் நிறுவனங்களும் ஆள்குறைப்பிலும் திட்டக் குறைப்பிலும் இறங்க நேரிடுகிறது.

பலன் இல்லாமல் இல்லை

வெளியிலிருந்து வரும் உதவியால் பயன் ஏதுமில்லை என்ற கருத்தும் நிலவுகிறது. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் பெயரில் மாதந்தோறும் ஒரு நன்கொடையாளர் பணம் அனுப்பும் முறையைப் பொருளியலாளர்கள் புரூஸ் வைடிக், பால் குளூயி, லெயின் ரட்லெட்ஜ் ஆகியோர் ஆராய்ந்தனர். கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இந்தியா, கென்யா, உகாண்டா உள்ளிட்ட 6 நாடுகளில் நடத்திய திட்டம் குறித்த அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. உதவி பெற்ற குழந்தைகள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் பள்ளியில் பயின்றதாக அதில் தெரியவந்தது. வறிய குடும்பத்துக் குழந்தைக்கு இது சிறிய பலன் அல்ல.

ஆனால், அதே நிறுவனத்தின் இந்தியப் பணி 2017 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. அந்நிறுவனம் அனுப்பும் நிதிக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று 2016-ல் மத்திய உள்துறை அமைச்சகம் நிபந்தனை விதித்தது. மதமாற்றத்துக்கு நிதி பயன்படுத்தப்படுவதாக எழுந்த குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஏறத்தாழ 1.45 லட்சம் இந்தியக் குழந்தைகளுக்குக் கிடைத்து வந்த உதவி, அவர்களில் யாரையும் கேட்காமலேயே நின்றது என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

உதவி நிற்பதற்குக் காரணம் கொடுக்கும் நாட்டிலும் இருக்கலாம், பெறும் நாட்டிலும் இருக்கலாம். இரண்டு நேரங்களிலும் முடிவெடுப்பவர்கள் பெரியவர்கள். விளைவைச் சுமப்பவர்கள் குழந்தைகள்.

கொடுப்பவர் கண்ணில் படுவதும் குழந்தைக்குத் தேவைப்படுவதும்

தொண்டு நிதியின் மற்றொரு குறையை மேற்குக் கென்யாவில் 1990-களில் நடந்த ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. பாடநூல்கள் பற்றாக்குறையாக இருந்த பள்ளிகளுக்கு ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் இலவசமாக நூல்களை வழங்கியது. மதிப்பெண்கள் உயரும் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். ஆனால், சராசரி மாணவர்களின் மதிப்பெண்ணில் மாற்றம் ஏற்படவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துவந்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தனர். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலான குழந்தைகளுக்கோ தாய்மொழிக்கும் சுவாஹிலிக்கும் அடுத்த மூன்றாவது மொழிதான் ஆங்கிலம். பலரால் அந்த நூல்களைப் படிக்கவே முடியவில்லை.

அதே பகுதியில் 75 பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரைகள் வழங்கப்பட்டபோது, மாணவர்கள் பள்ளிக்கு வராமல் இருப்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மிகக் குறைந்த செலவில் கிடைத்த பலன் இது. இருப்பினும், அந்த ஆய்விலும் தேர்வு மதிப்பெண்களில் உயர்வு காணப்படவில்லை. இந்த ஆய்வுகளை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர், இந்தியாவில் பிறந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோருடன் 2019-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கட்டடம், நூல், சீருடை ஆகியவை கொடுப்பவர் கண்ணில் படுபவை. படம் எடுத்து ஆண்டறிக்கையில் வெளியிட ஏற்றவை. குழந்தை வகுப்பில் அமர்ந்து உண்மையில் கற்கிறதா என்பது படத்தில் தெரிவதில்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுக் குழந்தைகளில் 70 சதவீதத்தினரால் எளிய பத்தி ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று 2022-ல் உலக வங்கி உள்ளிட்ட அமைப்புகள் மதிப்பிட்டன. இவர்களில் மிகப் பலர் பள்ளிக்குச் செல்பவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியா கடந்து வந்த பாதை

வெளி உதவி எப்போது நிலைத்த பலனாக மாறுகிறது என்பதற்கு விடை தேடுவோர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பள்ளி மதிய உணவின் வரலாறே போதும்.

அன்றைய சென்னை மாநிலத்தில் முதலமைச்சர் காமராஜர் காலத்தில் 1956-ல் பள்ளி மதிய உணவு, ஊர் மக்களின் நன்கொடையை நம்பியே தொடங்கியது. நெல்லும் பருப்பும் காய்கறியும் ஊராரிடமிருந்து வந்தன. அடுத்த ஆண்டே அரசு மானியம் சேர்ந்தது. 1961-ல் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பால் பவுடர், சமையல் எண்ணெய் போன்ற பொருள்களை வழங்கத் தொடங்கியது. அக்காலத்தில் படித்தவர்கள் பலருக்குக் 'கேர்' பால் பவுடர் இன்றும் நினைவில் இருக்கும். அன்று இந்தியாவும் பிறர் உதவியை எதிர்பார்த்திருந்த நாடுதான்.

1982 ஜூலையில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, அது மாநில அரசின் சொந்தப் பொறுப்பாகியது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, நாடெங்கும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குவதைக் கட்டாயமாக்கியது. இன்று பி.எம். போஷண் என்ற பெயரில் மத்திய, மாநில அரசுகளின் நிதியில் நடைபெறும் இத்திட்டம் சுமார் 11 கோடிக் குழந்தைகளைச் சென்றடைகிறது.

இந்த வரலாற்றின் படிகள் தெளிவானவை. முதலில் ஊராரின் கொடை, பிறகு அரசின் மானியம், அதற்குத் துணையாக வெளிநாட்டு உதவி, அதன்பின் முழுமையான அரசுத் திட்டம், இறுதியில் நீதிமன்றம் உறுதி செய்த உரிமை. உதவி தரும் ஒருவர் மனம் மாறினால் நின்றுபோகும் நிலையில் இத்திட்டம் இன்று இல்லை.

கென்யாவும் ஜாம்பியாவும்

இதே பாதையில் வேறு சில நாடுகளும் நடந்துள்ளன. கென்யாவில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 1980 முதல் பள்ளி உணவு வழங்கி வந்தது. 2009-ல் உள்ளூர் விளைபொருள்களைக் கொண்டு உணவு வழங்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு தொடங்கியது. பள்ளிகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, 2018-ல் கைமாற்றம் முழுமை பெற்றது. 'இன்று முதல் இல்லை' என்று ஒரே நாளில் சொல்லாமல், ஏறத்தாழ பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நடந்த விலகல் இது.

தலைநகர் நைரோபியில் 2023-ல் தொடங்கிய திட்டம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. 'ஃபுட் ஃபார் எஜுகேஷன்' என்ற கென்யத் தொண்டு நிறுவனத்துடன் இணைந்து நகர நிர்வாகம் பெரிய சமையல் கூடங்களை அமைத்தது. ஒரு வேளை உணவுக்குப் பெற்றோர் 5 ஷில்லிங் மட்டும் செலுத்துகின்றனர். மீதிச் செலவை நிர்வாகமும் தொண்டு நிறுவனமும் ஏற்கின்றன. குழந்தைகள் தங்கள் கைப்பட்டையைக் கருவியில் தொட்டு உணவு பெறுகின்றனர். செலவில் ஒரு சிறு பங்கு பெற்றோருடையது என்பதால், உணவின் தரம் குறித்துக் கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.

சில நேரங்களில் பொருளைவிடக் கற்பிக்கும் முறை நீண்ட காலம் நிலைக்கிறது. மும்பையில் 1995-ல் தொடங்கப்பட்ட 'பிரதம்' அமைப்பு, குழந்தைகளை வயது அல்லது வகுப்பு அடிப்படையில் அல்லாமல், அவர்களால் இப்போது எதைப் படிக்க முடிகிறது என்பதன் அடிப்படையில் குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. எழுத்து மட்டும் தெரிந்தவர் ஒரு குழு, சொல் படிப்பவர் ஒரு குழு, பத்தி படிப்பவர் ஒரு குழு என்பதாக அமையும் எளிய ஏற்பாடு இது. ஜாம்பியாவில் 2016-ல் சோதனை முயற்சியாக நுழைந்த இம்முறை, பின்னர் அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் திட்டமாக அரசுப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. பாடம் நடத்துபவர்கள் அரசு ஆசிரியர்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிச் சென்றாலும், கற்றுக்கொண்ட முறை ஆசிரியர்களிடம் இருக்கும்.

உலக அளவிலும் இந்தத் திசையில் நகர்வு தெரிகிறது. 46.6 கோடிக் குழந்தைகள் இன்று பள்ளியில் உணவு பெறுகின்றனர் என்றும், 2020-க்குப் பின் மட்டும் இந்த எண்ணிக்கை சுமார் 8 கோடி உயர்ந்துள்ளது என்றும் உலக உணவுத் திட்டத்தின் 2025 செப்டம்பர் அறிக்கை கூறுகிறது. இதற்கான செலவில் 99 சதவீதம் அந்தந்த நாடுகளின் சொந்த நிதிநிலை அறிக்கையிலிருந்தே வருகிறது. வெளிநாட்டு உதவி சரியும் அதே காலத்தில் பள்ளி உணவு பெருகியிருப்பதற்கு இதுவே காரணம்.

அரசுகளால் ஏற்க முடியுமா?

அப்படியானால், எல்லாப் பொறுப்பையும் அரசுகளிடம் ஒப்படைத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்துவிடலாமா? அது அவ்வளவு எளிதல்ல. 99 சதவீதம் என்பது உலகத்தின் கூட்டுக் கணக்கு. இந்தியா, பிரேசில், சீனா போன்ற பெரிய நாடுகளின் செலவு அதில் அடங்கியுள்ளது. மிக வறிய நாடுகளில் வெளியுதவியின் பங்கு இன்னும் கணிசமானது.

அந்நாடுகளின் கருவூலமும் வலுவாக இல்லை. கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 340 கோடி மக்கள் வாழ்வதாக ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டு அமைப்பு 2025-ல் தெரிவித்தது. குறைந்த, கீழ்நடுத்தர வருமான நாடுகள் தாங்களே வகுத்துக்கொண்ட 2030-ஆம் ஆண்டுக்கான கல்வி இலக்குகளை எட்ட ஆண்டுதோறும் 9,700 கோடி டாலர் பற்றாக்குறை இருப்பதாக யுனெஸ்கோ கணக்கிட்டுள்ளது. தனிமனித நன்கொடைகளால் மட்டும் நிரப்பக்கூடிய பள்ளம் அல்ல இது.

எனினும், சிறு நன்கொடைகளுக்கு ஒரு வலிமை உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 'மேரிஸ் மீல்ஸ்' அமைப்பு 2002-ல் மலாவியில் சுமார் 200 குழந்தைகளுக்குக் கஞ்சி வழங்கத் தொடங்கியது. இன்று அந்த ஒரு நாட்டில் மட்டும் 10 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பள்ளி நாள்களில் அதன் உணவைப் பெறுகின்றனர். சமைப்பவர்கள் அந்தந்த ஊர்ப் பெற்றோர்களே. பெருமளவு பொதுமக்களின் நன்கொடையில் இயங்குவதால், ஒரே ஓர் அரசின் முடிவு இத்தகைய திட்டத்தை அடியோடு சாய்த்துவிடுவதில்லை. ஆனால், மலாவி அரசு இப்பொறுப்பை என்று ஏற்கும் என்ற கேள்வி அங்கும் மீதமிருக்கிறது.

பொறுப்பேற்க அரசே இல்லாத இடம்

இந்த விவாதம் முழுவதும் காக்ஸ் பஜாரின் வாசலில் வந்து தடைபடுகிறது. மியான்மரிலிருந்து 2017-ல் பெருந்திரளாக வெளியேறிய ரோஹிங்கியா மக்களை அந்நாடு குடிமக்களாக ஏற்கவில்லை. வங்கதேசம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால், அவர்களின் குழந்தைகள் வங்கதேசப் பள்ளிகளில் சேர இயலாது. முகாம் மையங்களில் மியான்மர் பாடத்திட்டமே கற்பிக்கப்படுகிறது. என்றாவது தாயகம் திரும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பின் மீது அமைந்த ஏற்பாடு அது. நிதி வெட்டினால் 3.5 லட்சம் ரோஹிங்கியா குழந்தைகள் அடிப்படைக் கல்வியை நிரந்தரமாக இழக்கும் அபாயம் உள்ளதாக யுனிசெஃப் எச்சரித்துள்ளது.

கென்யாவில் நடந்த கைமாற்றம் இங்கே நடக்காது. ஏனெனில் மறுபுறம் கை நீட்ட அரசு எதுவும் இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு நீதிமன்றம் உறுதி செய்யும் உரிமை கிடையாது; வாக்களித்து அரசை மாற்றக்கூடிய பெற்றோரும் கிடையாது. உதவி சார்புநிலையை வளர்க்கிறது என்ற வாதம் வேறு பல இடங்களில் பொருந்தலாம். சார்ந்து நிற்க வேறு எதுவுமே இல்லாதவர்களிடம் அதைச் சொல்வதில் பொருளில்லை. வறட்சி வரும்போது ஆழமான கிணற்றில் நீரைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரே ஊற்றை நம்பியிருக்கும் ஊரில் அந்த ஊற்றை அடைக்கக் கூடாது. நிதி குறைந்தே தீரும் என்றால், எங்கே கடைசியாகக் குறைக்க வேண்டும் என்ற வரிசையேனும் இருக்க வேண்டும். 2025-ல் நடந்த வெட்டுகளில் அப்படியொரு வரிசை தெரியவில்லை.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியது

இந்தியா இன்று உதவி பெறும் நாடாக மட்டும் இல்லை. பிற வளரும் நாடுகளுக்கு உதவித்தொகையும் பயிற்சியும் அளிக்கும் நாடாகவும் உள்ளது. இந்தியர்கள் பலர் கைப்பேசிச் செயலிகள் வழியே குழந்தைகளின் கல்விக்கு மாதந்தோறும் நன்கொடை அளிக்கின்றனர். அவர்களுக்கும் இந்தப் படிப்பினை பொருந்தும்.

எத்தனை குழந்தைகளுக்கு உதவுகிறீர்கள் என்ற கேள்விக்கு எல்லா நிறுவனங்களும் விடை தருகின்றன. அதைவிட முக்கியமான கேள்விகள் வேறு. அக்குழந்தைகள் கற்கிறார்களா என்று யார் சோதிக்கிறார்கள்? நீங்கள் விலக நேர்ந்தால், எத்தனை மாதங்களுக்கு முன்பே சொல்வீர்கள்? உங்களுக்குப் பின் இந்தப் பணியை ஏற்கப்போவது யார்? ஏற்க ஒருவரும் இல்லாத இடத்தில், நடப்புக் கல்வியாண்டு முடியும்வரையாவது செலவிடத் தனி நிதி ஒதுக்கியுள்ளீர்களா?

கொடை என்பது கொடுப்பவரின் விருப்பம். கல்வியோ குழந்தையின் உரிமை. விருப்பத்தில் தொடங்கிய ஒன்றை உரிமையாக்க சென்னை மாநிலத்தின் முதல் மதிய உணவிலிருந்து உச்ச நீதிமன்ற உத்தரவு வரை 45 ஆண்டுகள் பிடித்தன. காக்ஸ் பஜாரில் இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வயது இடம் தராது.